“லெட்டர் வாங்கிட்டு வாங்க”: ஒரு ஏட்டையாவுக்கு மனநல டாக்டரோட பதில்

கேள்வி:

டாக்டர் வணக்கம். டெல்டாவுல ஒரு கிராமத்து ஸ்டேஷன்ல ஏட்டா இருக்கேன், 21 வருஷ சர்வீஸ். போன வாரம் ராத்திரி பதினொன்ற மணிக்கு 112 லேர்ந்து தகவல், வாய்க்கா மதகு மேல ஒரு பையன் அரிவாளோட நிக்கறான், யாரையும் கிட்ட விட மாட்டேங்கறான்னு. போனோம். 26 வயசு. மனநல மாத்திரை சாப்ட்டுட்டு இருந்தவன், ரெண்டு மாசமா நிறுத்திட்டானாம். நாங்க நாலு பேர் சேந்து புடிச்சு, துண்டால கைய பின்னாடி கட்டி ஜீப்ல ஏத்தினோம். என் கைய கடிச்சுட்டான். பக்கத்து ஜி.எச்.ல ‘இங்க மனநல டாக்டர் இல்ல, மாஜிஸ்ட்ரேட் லெட்டர் வாங்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க’ன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரில ‘கூட யார் இருக்கப் போறா, ஆள் இல்லாம அட்மிஷன் போட முடியாது’ன்னாங்க. அவன் அம்மாவ நாங்க ஏத்திட்டு வரல. பெட் கிடைக்கறப்ப விடிஞ்சுடுச்சு. இது எங்க வேலையா, உங்க வேலையா? நான் என்ன தப்பு பண்ணேன்? அந்த அம்மா என்னைப் பாத்தா மூஞ்சிய திருப்பிக்குது. ‘திருடன கட்ற மாதிரி கட்டிட்டீங்களேய்யா’ன்னு ஒரே தடவ சொன்னுச்சு, அப்பறம் பேசவே இல்ல. எனக்கு தூக்கம் வரல.

பதில்:

ஏட்டையா, உங்க லெட்டர மூணு தடவ படிச்சேன். அரிவாள் வச்சிருந்த ஒருத்தன, இருட்டுல, மதகு மேல, அவனுக்கும் காயம் இல்லாம ஊர்ல யாருக்கும் காயம் இல்லாம உயிரோட ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு வந்து சேத்துருக்கீங்க, விடியற வரைக்கும் விட்டுட்டுப் போகாம நின்னுருக்கீங்க, இத முதல்ல சொல்லிடணும். அந்த பையன் இன்னிக்கு வார்டுல கண்ண முழிச்சு காப்பி குடிக்கறான்னா அதுல உங்க பங்கு பெருசு.

இப்ப நான் ஒண்ணு சொல்லணும், ஏன்னா உங்கள அலைய விட்ட பக்கத்துல நானும் ஒரு காலத்துல நின்னுருக்கேன். வேலைக்கு சேந்த புதுசுல ஒரு சின்ன ஆஸ்பத்திரில நைட் டூட்டி. ஒரு போலீஸ்காரர், பஸ் ஸ்டாண்டுல சுத்திட்டு இருந்த ஒரு அம்மாவ கூட்டிட்டு வந்தாரு, அந்த அம்மா தனக்குத் தானே பேசிட்டு இருந்துச்சு, கால்ல புண்ணு. சீனியர்கிட்ட போன்ல கேட்டேன், லெட்டர் இல்லாம எடுக்காதன்னாரு, நானும் அதையே திருப்பி சொல்லிட்டேன். அவரு ஒண்ணும் பேசல, என்னையும் அந்த அம்மாவையும் ஒரு பார்வை பாத்துட்டு கூட்டிட்டு போயிட்டாரு. எங்க கூட்டிட்டு போனாருன்னு இன்னி வரைக்கும் எனக்கு தெரியாது. நீங்க எழுதுன ‘லெட்டர் வாங்கிட்டு வாங்க’ங்கற வரிய படிச்சப்ப அந்த பார்வைதான் ஞாபகம் வந்துச்சு.

அந்த லெட்டர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு முதல்ல பாத்துடுவோம். 1987 ல ஒரு மனநல சட்டம் இருந்துச்சு, அதுல போலீஸ் இந்த மாதிரி ஆள புடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், அவரு உத்தரவு போட்டாத்தான் ஆஸ்பத்திரில சேக்க முடியும். அந்த சட்டம் போயிடுச்சு. 2017 ல புது மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 2018 மே 29 லேர்ந்து நடைமுறைல இருக்கு. சட்டம் மாறிடுச்சு ஆனா கேஷுவாலிட்டி வாசல்ல பழக்கம் மாறல, சீனியர் ஜூனியருக்கு சொல்லிக் குடுக்கறது, நர்ஸ் வார்டு பாய்க்கு சொல்றதுன்னு பழைய சட்டம் இன்னமும் வாய் வழியாவே ஓடிட்டு இருக்கு.

புது சட்டத்துல உங்களுக்கான பிரிவு 100. இத உங்க ஸ்டேஷன்ல எல்லாரும் மனப்பாடமா வச்சுக்கணும்னு நான் கேட்டுக்கறேன். உங்க ஸ்டேஷன் எல்லைக்குள்ள மனநோயால தன்னைத் தானே பாத்துக்க முடியாம திரியறவங்க, இல்ல மனநோயால தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்தா இருக்கறவங்கன்னு உங்களுக்குத் தோணினா அவங்கள ‘பாதுகாப்புல’ எடுக்கறது உங்க கடமை. கைதுங்கற வார்த்தையே அதுல கிடையாது. எதுக்காக கூட்டிட்டு போறோம்னு அவங்ககிட்ட சொல்லணும், அவங்களுக்கு புரியற நிலைமை இல்லன்னா அவங்களுக்காக பேசற சொந்தக்காரங்ககிட்ட சொல்லணும். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ள, பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும். லாக்கப்புலயோ ஜெயில்லயோ எந்த நிலைமைலயும் வைக்கக் கூடாது. மாஜிஸ்ட்ரேட் லெட்டர் இதுல எங்கயும் வரல. அப்பறம் இன்னொரு விஷயம், பக்கத்து ‘மனநல ஆஸ்பத்திரி’ன்னு சட்டம் சொல்லல, பக்கத்து அரசு ஆஸ்பத்திரின்னுதான் சொல்லுது. அங்க பொறுப்புல இருக்கற டாக்டர்தான் அவர பரிசோதிக்க ஏற்பாடு பண்ணணும். ஆக முதல் ஜி.எச். வாசல்லயே உங்க ஓட்டம் முடிஞ்சிருக்கணும்.

‘இங்க மனநல டாக்டர் இல்ல’ன்னு சொன்னாங்கல்ல, அதுக்கும் பதில் இருக்கு, பிரிவு 94. உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறத்தியாருக்கோ பெரிய ஆபத்து இருக்குன்னா, பதிவு பெற்ற எந்த டாக்டரும், எம்.பி.பி.எஸ். போதும், அவசர சிகிச்சை குடுக்கலாம், கூட சொந்தக்காரங்க இருந்தா அவங்க சம்மதத்தோட. 72 மணி நேரம் வரைக்கும், இல்ல மனநல ஆஸ்பத்திரில பாக்கற வரைக்கும், எது முன்னாடியோ அது. மேல்சிகிச்சைக்கு அனுப்பி வைக்கறதும் அதுலயே அடக்கம், அதாவது ரெஃபர் பண்ணா வண்டி ஏற்பாடு பண்ணி அனுப்பணும், ஜீப்ப காட்டி போங்கன்னு சொல்லக் கூடாது. குடுக்க வேண்டிய மருந்தும் அபூர்வமானது இல்ல. வேலூர் சி.எம்.சி.ல இந்த மாதிரி கொந்தளிப்பா வந்த 200 பேர்கிட்ட, ஹாலோபெரிடாலும் ப்ரோமெத்தசினும் சேத்து ஒரு பாதி பேருக்கு, லோராஸிபாம் இன்னொரு பாதி பேருக்குன்னு ஊசி போட்டுப் பாத்த ஆய்வு 2004 ல வெளியாச்சு. ரெண்டுமே அடக்குச்சு, முதல் ஜோடி சீக்கிரமா அடக்குச்சு. எல்லாம் விலை கம்மியான பழைய மருந்துங்க. இந்த ஊசி அந்த பையனுக்கு முதல் ஆஸ்பத்திரியிலயே விழுந்திருந்தா, மிச்ச ராத்திரி பூரா அவன் தூங்கிருப்பான், நீங்களும் தூங்கிருப்பீங்க.

இனிமே போறப்ப கையில ஒரு மெமோ எழுதி எடுத்துட்டு போங்க. நீளமா வேண்டாம். எங்க, எத்தனை மணிக்கு, எந்த நிலைமைல பாத்தோம், 2017 சட்டம் பிரிவு 100 ன் கீழ் பாதுகாப்பில் எடுத்து பரிசோதனைக்கு அழைத்து வந்துள்ளோம், உடன் வந்தவர் இன்னார், ஒப்படைத்த நேரம் இது. கீழ டூட்டி டாக்டர் கையெழுத்துக்கு இடம். மாட்டேன்னு சொன்னா ‘மாட்டேன்’னு எழுதி கையெழுத்து போட்டுக் குடுங்க டாக்டர்னு மரியாதையா கேளுங்க. என் அனுபவத்துல பாதி மறுப்பு அந்த இடத்துலயே கரைஞ்சிடும், சண்டை போட வேண்டிய அவசியமே வராது.

சரி, மதகுக்கு வருவோம். நீங்க கேட்டது ‘என்ன தப்பு பண்ணேன்’னு. தப்புன்னு சொல்ல மாட்டேன், உங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்காதது ரெண்டு மூணு இருக்கு.

காதுல கண்டபடி குரல் கேட்டுட்டு, ஊரே தன்ன கொல்ல வருதுன்னு நம்பிட்டு நிக்கறவனுக்கு, ஜீப் லைட்டும் சைரனும் நாலு காக்கி சட்டையும் அவன் நினைச்சத உறுதிப்படுத்திடும். அரிவாள புடிச்சிருக்கறது பெரும்பாலும் யாரையும் வெட்ட இல்ல, பயத்துல. அதனால வண்டிய தள்ளி நிறுத்தி சைரன அமத்திடுங்க. கூட்டத்த முதல்ல கலைங்க, செல்போன்ல படம் புடிக்கறவன மொதல்ல அனுப்புங்க. ஒரே ஒரு ஆள் பேசணும், மத்தவங்க அவன் கண்ணுல படாம தள்ளி நிக்கணும். பேசறவர் கை ரெண்டும் தெரியற மாதிரி வச்சுக்கணும், அரிவாள் வீச்சுக்கு ரெண்டு மடங்கு தூரம் விட்டு நிக்கணும், அவன் தப்பிச்சுப் போக ஒரு வழிய மறிக்காம விடணும். பேர் சொல்லி கூப்பிடுங்க, ‘தம்பி, நான் ஸ்டேஷன்லேர்ந்து வந்துருக்கேன், உன்ன அடிக்க வரல, ராத்திரி சாப்ட்டியா?’ன்னு ஆரம்பிங்க. குரல் கேக்குதுன்னு சொன்னா அதெல்லாம் ஒண்ணும் இல்லடான்னு வாதம் பண்ணாதீங்க, எனக்கும் கேக்குதுன்னு பொய்யும் சொல்லாதீங்க. ‘எனக்கு கேக்கல, ஆனா உனக்கு கேக்கறது ரொம்ப பயமா இருக்கும்ல’ன்னு சொல்லலாம். அது உண்மை, அவனுக்கும் தெரியும் அது உண்மைன்னு. இதுக்கு இருவது நிமிஷம் ஆகலாம், ஒரு மணி நேரம் ஆகலாம். யாருக்கும் உடனடி ஆபத்து இல்லாத வரைக்கும் அந்த நேரத்த குடுங்க.

இந்த நேரத்துலயே இன்னொருத்தர் அவங்க அம்மாகிட்ட ஓரமா நின்னு கேக்கணும்: என்ன மாத்திரை, எப்ப நிறுத்துனான், ஜுரம் இருந்துச்சா, தலையில அடி பட்டுச்சா, சக்கரை வியாதி, வலிப்பு உண்டா, குடிப்பானா, குடிய எப்ப நிறுத்துனான். இந்த கடைசி கேள்விய நம்ம பக்கம் விடவே கூடாது. தினம் குடிக்கற ஆளு திடீர்னு நிறுத்தி ரெண்டு மூணு நாள்ல கை நடுங்கி, வேர்த்து, பாம்பு ஊறுதுன்னு கத்துறாருன்னா அது உயிருக்கே ஆபத்தான நிலைமை, அவருக்கு வேற மருந்து, விட்டமின் ஊசி, டிரிப்ஸ் எல்லாம் வேணும். அத டாக்டர்கிட்ட சொல்ல ஆள் இல்லன்னா நாங்க தடம் மாறிடுவோம். அம்மாவ ஜீப்ல ஏத்தாம வந்ததுல நீங்க இழந்தது இதத்தான். ஆஸ்பத்திரில சம்மதம் குடுக்க ஆள் இல்ல, வியாதியோட கதைய சொல்ல ஆள் இல்ல, பையனுக்கும் தெரிஞ்ச முகம்னு ஒண்ணு கூட இல்ல. அடுத்த தடவ அம்மாவுக்குத்தான் முதல் சீட்டு.

கட்டுனத பத்தி. வேற வழியே இல்லாம புடிக்க வேண்டி வரும், ஒத்துக்கறேன். ஆனா கைய பின்னாடி கட்டி குப்புற போடறதும், முதுகுல முட்டி வச்சு அமுக்கறதும், கழுத்த புடிக்கறதும் ஆள கொன்னுடும். ஏற்கனவே மூச்சு வாங்க போராடிட்டு இருக்கற உடம்பு அது, நெஞ்சு விரிய இடம் இல்லன்னா அப்படியே அடங்கிடும், நாம ‘அப்பாடா, அமைதியாயிட்டான்’னு நினைப்போம். புடிச்ச உடனே ஒருக்களிச்சு திருப்புங்க, இல்ல உக்கார வைங்க, கை முன்னாடி இருக்கட்டும், ஒருத்தர் வேலை அவன் மூச்சையும் மூஞ்சியையும் மட்டும் பாக்கறதா இருக்கணும், அடங்குன உடனே கட்ட தளத்துங்க. அவன் செருப்பயும் போனையும் எடுத்து அம்மா கையில குடுங்க, இது சின்ன விஷயமா தெரியும், வார்டுல கண்ண முழிக்கறப்ப அவனுக்கு அது சின்ன விஷயம் இல்ல.

முடிஞ்சா 108 அ கூப்டுட்டு அதுல ஏத்துங்க, நீங்க பின்னாடி ஜீப்ல வாங்க. தெருவே பாத்துட்டு இருக்கறப்ப போலீஸ் ஜீப்ல ஏறுனவன் குற்றவாளி, ஆம்புலன்ஸ்ல ஏறுனவன் நோயாளி. அந்த அம்மாவுக்கு வலிக்கறது இந்த வித்தியாசந்தான்.

இப்ப உங்க பெரிய கேள்வி, யார் வேலைன்னு. இத நம்ம ஊர்ல மட்டும் கேக்கல. அமெரிக்கால மெம்ஃபிஸ்னு ஒரு ஊரு, 1987 ல மனநலம் பாதிச்சு கையில கத்தியோட இருந்த 27 வயசு ஆள போலீஸ் சுட்டுக் கொன்னுட்டாங்க. ஊரே கொதிச்சு, 1988 ல போலீஸும் டாக்டர்களும் நோயாளி குடும்பங்களும் உக்காந்து ஒரு ஏற்பாடு பண்ணாங்க. விருப்பப்பட்ட போலீஸ்காரங்களுக்கு 40 மணி நேரம் பயிற்சி, அது எல்லாருக்கும் தெரிஞ்ச பாதி. எனக்கு முக்கியமா படறது இன்னொரு பாதி: போலீஸ் கொண்டு வந்தா ஒரு ஆஸ்பத்திரி மறுக்காம எடுத்துக்கணும், போலீஸ் சீக்கிரமா திரும்பிப் போயிடணும். இங்கிலாந்துல பல ஊர்ல மனநல நர்ஸ் போலீஸோடவே வண்டில போனாங்க, அதுக்கப்பறம் 2020 ல ஹம்பர்சைடுங்கற இடத்துல போலீஸ், குற்றமும் உடனடி உயிர் ஆபத்தும் இல்லாத மனநல அழைப்புக்கெல்லாம் நாங்க வரல, சுகாதாரத் துறையே பாத்துக்கட்டும்னு பிரிச்சாங்க, பின்னாடி நாடு முழுக்க அந்த வழிய எடுத்தாங்க. கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா போலீஸ் ஒதுங்குன இடத்துக்கு நர்ஸ் வந்து சேரலன்னா நடுவுல மாட்டறது நோயாளி. நம்ம நாட்டுல லட்சம் பேருக்கு ஒரு மனநல டாக்டர் கூட கிடையாது. ராத்திரி பதினொன்ற மணிக்கு கோரையாத்தங்கரைக்கோ வெட்டாத்தங்கரைக்கோ நாங்க வந்து நிக்கறது இப்போதைக்கு நடக்காது, நீங்கதான் வருவீங்க. அதனால என் பதில்: மதகுலேர்ந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் உங்க வேலை, வாசல்லேர்ந்து உள்ள எங்க வேலை. சண்டை அந்த வாசல்லதான், அத ராத்திரில தீத்துக்க முடியாது, பகல்லதான் தீத்துக்கணும்.

எப்படின்னா, உங்க எஸ்.ஐ. கிட்ட சொல்லி ஒரு நாள் சாயங்காலம் ஜி.எச்.ல ஒரு மணி நேரம் உக்காருங்க. தலைமை டாக்டர், கேஷுவாலிட்டி நர்ஸ், மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர், 108 ல வர்ற தம்பிங்க, உங்க ஸ்டேஷன் ஆளுங்க. ராத்திரில எந்த நம்பருக்கு போன் பண்ணணும், எந்த ரூமுக்கு கொண்டு வரணும், பெண் நோயாளின்னா பெண் போலீஸ் எங்கேர்ந்து வருவாங்க, முதல் ஊசிய யார் போடுவாங்க, மேல அனுப்பணும்னா எந்த ஆஸ்பத்திரி, அங்க முன்கூட்டியே யார் போன் பண்ணுவாங்க. தஞ்சாவூர்லயும் திருவாரூர்லயும் நாகப்பட்டினத்துலயும் மெடிக்கல் காலேஜே இருக்கு, போக்கிடம் இல்லாத ஊர் இல்ல நம்மளுது. ஒரே ஒரு பேப்பர்ல எழுதி ஸ்டேஷன் சுவத்துல ஒண்ணு, கேஷுவாலிட்டி சுவத்துல ஒண்ணு ஒட்டுங்க. அதுல 14416 ங்கற அரசு மனநல உதவி எண்ணும் இருக்கட்டும், நாள் பூரா தமிழ்லயே பேசலாம், குடும்பத்துக்காரங்க மட்டும் இல்ல, சம்பவ இடத்துலேர்ந்து நீங்களே போட்டு என்ன பண்ணலாம்னு கேக்கலாம். பேரும் முகமும் தெரிஞ்ச ஏட்டையா கூட்டிட்டு வந்தா எந்த டூட்டி டாக்டருக்கும் ‘லெட்டர் எங்க’ன்னு கேக்க வாய் வராது.

நம்ம பக்கம் இன்னொரு சங்கதி, நிறைய குடும்பம் எங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி குணசீலத்துக்கோ நாகூர் தர்காவுக்கோ போயிட்டுத்தான் வரும். போகட்டும், நான் தடுக்கறது இல்ல, குணசீலத்துல ஒரு மண்டலம் இருந்துட்டு மாத்திரையும் விடாம சாப்ட்டு தேறுனவங்க எனக்கே தெரியும். ஆனா வீட்டுலயோ எங்கயோ சங்கிலி போட்டு வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா சும்மா இருக்காதீங்க. ஏர்வாடில 2001 ஆகஸ்ட் 6 ந்தேதி விடியக்காலைல ஒரு காப்பகம் தீப்புடிச்சப்ப சங்கிலில கெடந்தவங்க ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. சங்கிலி போடறது இப்ப சட்டப்படி தடை. வீட்டுக்குள்ள ஒருத்தர கொடுமைப்படுத்தறாங்க இல்ல கவனிக்காம விட்டுட்டாங்கன்னா பிரிவு 101 படி மாஜிஸ்ட்ரேட்டுக்கு தகவல் குடுக்கறது உங்க கடமை, இங்க மாஜிஸ்ட்ரேட் வர்றாரு. ஆனா அந்த அப்பா அம்மாவ மிரட்டாதீங்க, முக்காவாசி பேர் பயத்துலயும் பணம் இல்லாமயும் வேற வழி தெரியாமயும் பண்றது.

அந்த பையன் மேல கேஸ் போடலாமான்னு ஸ்டேஷன்ல யாராவது கேட்டா, ஊர்ல யாருக்கும் காயம் இல்ல, அம்மா புகார் குடுக்கல, அவனுக்கு இப்ப தேவை வைத்தியம்னு எடுத்து சொல்லுங்க. 

கடைசியா அந்த அம்மா. அவன் டிஸ்சார்ஜ் ஆகி வந்து ஒரு வாரம் கழிச்சு, காக்கிய கழட்டி வச்சுட்டு, லுங்கியோ வேட்டியோ கட்டிட்டு, தனியா சைக்கிள்லயோ வண்டிலயோ போங்க. ஜீப் வேண்டாம், தெரு மறுபடியும் வேடிக்கை பாக்கும். திண்ணைல உக்காந்து ‘அன்னிக்கு கட்டுனதுக்கு மன்னிச்சுக்கங்கம்மா, உங்கள வண்டில ஏத்தாம போனதும் தப்பு’ன்னு சொல்லுங்க. சட்டம் பேசாதீங்க, விளக்கம் குடுக்காதீங்க. திட்டுனா கேட்டுக்கங்க. அப்பறம் மாத்திரை ஏன் நின்னுச்சுன்னு மெதுவா கேளுங்க. பெரும்பாலும் காரணம் சின்னதா இருக்கும், தூக்கமா வருதுன்னு விட்டுருப்பான், நடவு நேரத்துல ஆஸ்பத்திரி போக ஆள் இல்லாம இருந்திருக்கும், பஸ் காசு இல்லாம இருந்திருக்கும், யாரோ சரியாயிடுச்சேன்னு சொல்லிருப்பாங்க. தினம் மாத்திரை முடியலன்னா மாசத்துக்கு ஒரு ஊசியா போட்டுக்கற வழியும் இருக்கு, அத டாக்டர்கிட்ட கேக்க சொல்லுங்க. வயலுக்கு அடிக்கற மருந்து டப்பா வீட்டுக்குள்ள இருந்தா வெளியில எங்கயாவது பூட்டி வைக்க சொல்லுங்க, அரிவாளையும். அடிக்கடி போகாதீங்க, ஒரு தடவ போதும், அடுத்தது அவங்களா கூப்ட்டா போங்க.

உங்க தூக்கம் இன்னும் ரெண்டு வாரத்துல சரியாகலன்னா, இல்ல அந்த மதகு கண்ணுல வந்துட்டே இருந்தா, நீங்களும் ஓ.பி.க்கு வரணும். 21 வருஷத்துல பாத்தது எல்லாம் உள்ளதான் இருக்கும், அதுக்கும் நாங்க இருக்கோம், 14416 உங்களுக்கும்தான்.

கடிச்ச இடத்துக்கு என்ன பண்ணீங்கன்னு எழுதவே இல்ல. மனுஷப் பல்லு பட்ட காயம் சீக்கிரம் சீழ் வைக்கும். நல்லா சோப்பு போட்டு கழுவிட்டு, நாளைக்கு காலைல ஜி.எச்.ல காட்டி டி.டி. ஊசி போட்டுக்கங்க, மஞ்சக்காமாலை பி தடுப்பூசி போட்டுருக்கீங்களான்னும் கேப்பாங்க. அப்படியே அந்த நர்ஸம்மாகிட்ட உங்க பேர சொல்லி அறிமுகமும் பண்ணிக்கங்க.